வீட்டுப் பட்டறை: ஓர் ஒற்றன் சொல் போதாது

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றிற்குப் பழைய பிக்கப் வண்டி ஒன்றே முதலாக விளங்குகின்றது. விடியுமுன் இட்லி மாவும், காலையிற் காய்கறியும், மாலையில் வீடு மாறுவோரின் கட்டிலும் பீரோவும் அதன் முதுகிலேயே ஏறுகின்றன. அது ஒரு நாள் நின்றால் அன்றைய வருவாயும் நின்றுவிடும். வாடகையும் தவணையும் நிற்பதில்லை. ஆதலின், வீட்டு வாயிலிலேயே நாம் தீர்க்கத்தக்க கோளாறு ஒன்றினை இத்திங்கள் எடுத்துக்கொள்வோம்.

எஞ்சினுள் ஓடும் கூலண்டின் வெப்பத்தை அறிவிக்கும் சென்சாரே அது. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் இச்சிறு கருவி பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டின் அருகிலோ, சிலிண்டர் ஹெட்டிலோ திருகப்பட்டிருக்கும். வெப்பம் ஏற ஏற இதன் மின்தடை குறையும். அதனைக் கண்டே, எரிபொருள் எவ்வளவு வேண்டும், விசிறி எப்பொழுது சுழலவேண்டும் என்பவற்றை எஞ்சின் கணினி முடிவு செய்கின்றது. சூடேறிய எஞ்சினைக் குளிர்ந்தது என்று சென்சார் பொய்யுரைப்பின், பெட்ரோல் வண்டி வேண்டாத எரிபொருளைக் குடித்துக் கரும்புகை கக்கும். குளிர்ந்த எஞ்சினைச் சூடு என்றுரைப்பின், தில்லியின் தை மாதக் காலையில் வண்டி எளிதிற் கிளம்பாது.

ஸ்கேனரில் பி 0118 என்னும் குறி தோன்றியவுடனே புதிய சென்சார் வாங்க ஓடுவோர் பலர். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனால் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்பது வள்ளுவர் ஒற்றாடலிற் கூறிய நெறி. அந்நெறி இங்கும் பொருந்தும். அக்குறி சென்சார் கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதன்று. அந்த மின்சுற்றில் மின்னழுத்தம் மிகுந்துள்ளது என்று மட்டுமே சொல்கின்றது. எலி கடித்த வயரும், பச்சைக் களிம்பேறிய கனெக்டரும் அதே குறியைத் தரும். பி 0117 தோன்றின், வயர் எங்கேனும் உராய்ந்து இரும்பைத் தொடுகின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். பி 0128 ஆயினோ, திறந்தபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டினால் எஞ்சின் உண்மையிலேயே சூடேறாதிருக்கலாம். அப்பொழுது சென்சார் மெய்யே சொல்கின்றது.

நமக்கு இரண்டாம் ஒற்றன் மல்டிமீட்டர். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றிச் சென்சாரின் இரு முனைகளிடையே தடையை அளக்க. பரவலாக வழங்கும் வகையில் 20 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓம்; 80 டிகிரியில் 300 ஓம் அளவு. வண்டிக்கு வண்டி இது மாறுமாதலின் வண்டியின் சர்வீஸ் கையேடே முடிவு. அளவு சரியாயின் குற்றம் வயரிலோ கனெக்டரிலோ இருத்தல் கூடும்.

மாற்றியே தீரவேண்டுமெனின், எஞ்சின் முற்றும் ஆறும்வரை பொறுத்தல் முதற்கடமை. சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறத்தல் ஆகாது. அழுத்தத்தில் அடைபட்ட கூலண்ட் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாதிருக்கும்; மூடி திறந்த கணமே பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். ஒரு நாள் வருவாய்க்காகக் கண்ணைப் பணயம் வைத்தல் தகுமோ?

பின்னர் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, கூலண்டைச் சிறிது வடித்துக்கொள்க. கூலண்டு இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தையும் நாயும் அணுகாவண்ணம் மூடி வைத்தல் இன்றியமையாதது. வயரை இழுக்காது, பூட்டை அழுத்தியே கனெக்டரை விடுவிக்க. பழைய சென்சாரை ஸ்பானரால் திருகி எடுத்து, புதியதைப் புது வாஷருடன் முதலில் விரலாலேயே திருகுக; மரை கோணாதிருக்க அதுவே வழி. அது பதிந்துள்ள பகுதி அலுமினியமோ பிளாஸ்டிக்கோ ஆயின், மிகையாக முறுக்கினால் விரிசல் காணும். அதே வகைக் கூலண்டை நிரப்பி, காற்றை வெளியேற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு உண்டா, விசிறி உரிய நேரத்திற் சுழல்கின்றதா எனக் காண்க. வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினால் உடனே அணைத்து மெக்கானிக்கை அழைத்தலே அறிவு.

மாற்றிய நாளையும் உறுப்பின் எண்ணையும் தாளில் எழுதி வண்டியிலேயே வைத்திருத்தல் நன்று. மொழி அறியாத ஊரின் பட்டறை வாயிலில் நிற்க நேரும் நாளில், அவ்வெண்ணே நமக்காகப் பேசும்.