பசு ஈன்ற கழுதை

கணினியில் வானத்தைப் பின்னோக்கி ஓட்டினார்களாம், பாரதப் போர் நடந்த நாள் கிடைத்துவிட்டதாம். மேடைதோறும் இதைக் கேட்டாயிற்று. கைதட்டல் அடங்கியதும், எந்த நாள் என்று கேட்டுப் பாருங்கள். பி.வி. வர்தக் கணக்கில் கி.மு. 5561 அக்டோபர் 16. நரஹரி ஆச்சாருக்கு கி.மு. 3067. பி.சி. சென்குப்தாவுக்கு கி.மு. 2449. அதே பாரதம், அதே வானம். நடுவே 3,112 ஆண்டுகள். (வர்தக் சொல்லும் காலத்தில் தேருக்கு எங்கே போவது? சக்கர வண்டிக்குக் கிடைத்த பழைய சான்றுகளே கி.மு. 3500ஐ ஒட்டியவைதாம்.)

கோள்களில் கோளாறு இல்லை, படிப்பதில்தான். பீஷ்ம பருவத் தொடக்கத்தில் வியாசர் திருதராஷ்டிரனுக்கு அடுக்குவது துர்நிமித்தங்களை. சனி ரோகிணியைப் பீடிக்கிறான் என்கிறார். கொஞ்சம் தள்ளி, அதே சனி வியாழனோடு விசாகத்தருகே நிற்கிறான் என்கிறார். இரண்டுக்கும் இடையே ஏறக்குறையப் பாதி வானம். சனி அதைக் கடக்கப் பதின்மூன்று ஆண்டாகும். ஒன்று இருப்பு, மற்றது பார்வை என்று சமாளிக்கிறார்கள். எது இருப்பு, எது பார்வை? தேதி தேடுகிறவர் தமக்குத் தோதாக முடிவு செய்துகொள்வார். அதே பட்டியலில் பசு கழுதையை ஈனுகிறது; தெய்வச் சிலைகள் ரத்தம் கக்குகின்றன. சனியை மட்டும் பொறுக்கி மென்பொருளில் இட்டவர்கள் அந்தக் கழுதையை எங்கே கட்டினார்கள்?

கோள்கள் போகட்டும், பாரதத்தில் வரும் கிரகணம் பொய் சொல்லாதே என்பார்கள். கிரகண நிழல் எந்த ஊரில் விழும் என்பது பூமியின் சுழற்சியைப் பொறுத்தது; அதுவோ மெல்லத் தளர்ந்து வருகிறது. எவ்வளவு தளர்ந்தது என்று சரிபார்க்க உதவும் பாபிலோனிய, சீனக் குறிப்புகள் கி.மு. எட்டாம் நூற்றாண்டுவாக்கில்தான் தொடங்குகின்றன. அதற்கு முந்தையது நீட்டிப் போட்ட கணக்கு. அதில் ஒரு மணி நேரம் பிசகினால் நிழல் 15 பாகை விலகும். குருட்சேத்திரத்தில் விழ வேண்டியது அஸ்ஸாம் பக்கம் போய்விடும்.

இத்தனை ஆரவாரத்தில் யாரும் சீந்தாமல் கிடப்பது வேதாங்க ஜோதிடம் என்னும் பழைய நூல். சூரியன் வடக்கே திரும்புவது அவிட்டத்தின் தொடக்கத்தில் என்கிறது அது. சாபமில்லை, சகுனமில்லை, யாரோ பல ஆண்டுகள் பார்த்துக் குறித்துவைத்த சேதி. அயனப் புள்ளி 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்வதால், கி.மு. 1400 முதல் 1200 வரை என்று பொதுவாகக் கணிக்கிறார்கள். அதுவும் குறித்த காலம்தான், நூல் எழுதிய காலமல்ல. அவிட்டம் எங்கே தொடங்குகிறது என்பதில் ஐந்து பாகை தடுமாறினால் 360 ஆண்டு இங்குமங்கும் ஓடிவிடும். ஆண்டு, மாதம், தேதி சொல்ல அதில் வழியில்லை; அதனால்தான் மேடைக்கும் அது வருவதில்லை.