சொன்னது யார்?

'அக்கா ஒத்துக்கிட்டாங்களா தோழர்?' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினார் அவர். பிறவியிலேயே காது கேளாதவர். அச்சகத்தில் வேலை. கூட்டங்களுக்குத் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் இணையத்தில் ஏற்றியிருந்த ஒரு வீடியோவைச் செல்போனில் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார்.

வீடியோ இதுதான். சுடுகாட்டுப் பாதைத் தகராறு. ஒரு வருவாய்த்துறை அலுவலகத்தில் 'சமாதானப் பேச்சுவார்த்தை'. மடியில் மறைத்து வைத்த செல்போனில் எடுத்தது. படத்தில் தெரிவது மேசையின் விளிம்பு, இரண்டு தண்ணீர் பாட்டில், யாருடையதோ ஒரு கை. முகம் எதுவும் கிடையாது. குரல்கள் மட்டும்தான்: ஒரு அதிகாரி, ஊர்த்தரப்பில் இரண்டு பேர், காலனித் தரப்பில் ஒரு அக்கா. பிணத்தை வாசலில் கிடத்திவிட்டு வந்து நிற்கிறார் அக்கா. அதிகாரி சொல்கிறார்: 'இந்த ஒரு தடவ வாய்க்கா வழியாவே தூக்கிட்டுப் போயிடும்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்.' உடனே ஊர்க்காரர் ஒருவர், 'அதான் சரி, கெளம்புங்க' என்கிறார். அக்கா அந்த இடத்தில் வாயே திறக்கவில்லை.

இதற்கு நம் மாணவத் தோழர் ஒருவர் ராத்திரி கண்விழித்து எழுத்துப் போட்டார். வேலைக்குப் போய்வந்து களைத்த உடம்போடு செய்தது. அவரைக் குறை சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அவர் போட்டது என்ன? 'இந்த ஒருமுறை வாய்க்கால் வழியாகவே எடுத்துச் செல்லலாம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். அதுதான் சரி. கிளம்பலாம்.' எல்லாம் ஒரே வெள்ளை எழுத்து. காது கேட்கிறவனுக்குக் குரல் சொல்லிவிடும், இது அதிகாரி, இது ஊர்க்காரன் என்று. காது கேளாதவர் கண்ணுக்கு அந்த நாலு வரியும் அக்கா சொன்னதாகவே ஆகிவிட்டது. யாரோ உத்தரவு போட்டதை நம் அக்காவின் சம்மதமாக மாற்றி, நாமே இணையத்தில் ஏற்றி, நாமே எல்லோருக்கும் அனுப்பியும் வைத்திருக்கிறோம்!

நான் வங்கியில் குமாஸ்தா. யார் கையெழுத்து என்று பார்க்காமல் ஐம்பது ரூபாயைக்கூட நகர்த்தமாட்டோம். ஒரு பிணம் எந்த வழியாகப் போவது என்ற பேச்சில் யார் சொன்னது என்று குறிக்காமல் விட்டிருக்கிறோம்.

2011 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் செவித்திறன் குறைந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களில் சேரிக்காரர்கள் இல்லையா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மின்னணு ஊடகங்களில் எழுத்து வசதி வேண்டும் என்று சொல்கிறது. சட்டம் இருப்பதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்; வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1989லிருந்து இருக்கத்தான் செய்கிறது.

பேசுகிறவரைக் குறிப்பது ஒன்றும் புதிய வித்தையல்ல. பிரிட்டனில் பிபிசி 1974ல் சீஃபேக்ஸ் என்ற எழுத்துச் சேவையைத் தொடங்கியது. பின்னால் அதில் 888ஆம் பக்கத்தைப் போட்டால் நிகழ்ச்சிக்கு அடியில் எழுத்து வந்தது. கறுப்புப் பட்டையில் வெள்ளை, மஞ்சள், வெளிர்நீலம், பச்சை. முக்கியமான ஆட்களுக்கு ஆளுக்கொரு நிறம், நிகழ்ச்சி முடியும்வரை அது மாறாது. முகம் தெரியாவிட்டாலும் மஞ்சளைப் பார்த்ததும் இன்னார் பேசுகிறார் என்று கண் பழகிவிடும். அமெரிக்காக்காரர்கள் நிறத்தை அவ்வளவாக நம்பவில்லை. ஆள் மாறினால் இரண்டு அம்புக்குறி, தேவைப்பட்டால் பெயர், இல்லாவிட்டால் எழுத்தையே பேசுகிறவர் பக்கமாகத் தள்ளிப் போடுவது.

சரி, நாமும் நிறம் போடலாம் என்று உட்கார்ந்தோம். மாணவத் தோழருக்கு ஒரே உற்சாகம். 'நம்மாளுங்களுக்கு நீலம், ஊர்த்தரப்புக்குச் சிவப்பு, அதிகாரிக்கு வெள்ளை' என்றார். போட்டுப் பார்த்தோம். நீலம் தெரியவில்லை. கறுப்புப் பட்டையில் நம் நீலம் அப்படியே முங்கிப்போனது! கண் வெளிச்சத்தை வாங்கும் விதம் அப்படி. திரையின் வெள்ளை வெளிச்சத்தை நூறு பங்காக வைத்தால் அதில் நீலத்தின் பங்கு ஏழுதான். பச்சைக்கு எழுபதுக்கும் மேல். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5 மடங்கு வேண்டும் என்பது இணைய அணுகல் விதி. கறுப்பில் முழுநீலத்துக்குக் கிடைப்பது இரண்டரைகூட இல்லை. மஞ்சளுக்கு 19க்கும் மேல். கொடிக்கு எது நிறம் என்பது வேறு, வாசிக்க எது நிறம் என்பது வேறு என்று அந்தத் தோழர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

எனக்கு உறுத்தியது அது மட்டுமல்ல. நம்மாளுக்கு ஒரு நிறம், அவனுக்கு ஒரு நிறம் என்றால் என்ன அர்த்தம்? தென்மாவட்டப் பள்ளிக்கூடங்களில் பையன்கள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. அந்தக் கயிற்றைக் கொண்டுவந்து நம் வீடியோவின் அடியில் நாமே கட்டுவதா? இதைச் சொன்னதும் கவிதை எழுதும் நண்பர் ஒருவர் இன்னொரு கோடிக்குப் போனார்: 'அடையாளம் போடறதே அதிகாரத்தோட வேலைதான், எல்லாத்தையும் வெள்ளையிலயே விடு.' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெள்ளையில் விட்டதால் லாபம் யாருக்கு வந்தது? பெயர் வெளியே வராமல் தப்பித்தவர் அந்த அதிகாரிதானே? ஆகவே தரப்புக்கு நிறம் வேண்டாம், ஆளுக்கு நிறம் போடுவோம் என்று முடிவு செய்தோம். காலனியிலிருந்து இரண்டு பேர் பேசினால் இரண்டு நிறம்.

நிறம் மட்டும் போதாது என்பதும் செய்துபார்த்தபோதுதான் உறைத்தது. சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேருக்கு ஒருவர் என்கிறார்கள். அவர்களுக்கு மஞ்சளும் பச்சையும் குழம்பும். தவிர, யூடியூப் நம் நிறத்தை வாங்கிக்கொள்வதில்லை. நாம் வழக்கமாகச் செய்யும் எஸ்.ஆர்.டி. கோப்பில் நிறம் குறித்து அனுப்பினால் அதைத் தள்ளிவிட்டு வெறும் எழுத்தை மட்டும் காட்டுகிறது. நிறம் வேண்டும் என்றால் படத்தோடு சேர்த்து எழுத்தைப் பதித்துவிட வேண்டும். பதித்துவிட்டால் பார்க்கிறவர் பெரிதாக்க முடியாது, அணைக்க முடியாது, தேட முடியாது. முன்பாவது பார்வையாளர்களே எழுத்துப் போட்டு அனுப்ப வழி இருந்தது. காது கேளாதவர்கள் எவ்வளவோ சொல்லியும் 2020 செப்டம்பரில் யூடியூப் அதை மூடிவிட்டது. கடைசியில் இரண்டும் செய்தோம். தனிக் கோப்பில் ஆள் மாறும்போதெல்லாம் பெயர், படத்தோடு பதித்த இன்னொரு பிரதியில் பெயரும் நிறமும்.

பெயர் என்றதும் நம் பழைய வீடியோக்களையும் எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. தலைவர் பேசினால் பெயர், அடைமொழி, பொறுப்பு என்று மூன்று வரி. வழக்கறிஞருக்குப் படிப்போடு சேர்த்து. கிராமத்துப் பெண் பேசினால் 'பாதிக்கப்பட்ட பெண்'. அவ்வளவுதான். சாட்சி சொல்கிறவர்கள் பெயரை மறைக்கவேண்டிய நேரம் உண்டு, தெரியும். அதை அவரிடம் கேட்டோமா? இந்த அக்காவிடம் இப்போதுதான் கேட்டோம். 'எம் பேரப் போடு. அந்தாளு பதவியையும் போடு. கலரு என்னா கலரு, கண்ணுக்குத் தெரிஞ்சா சரி' என்றார்.

மொழியைத் திருத்துவதுதான் இதில் பெரிய வன்முறை என்று எனக்குப் படுகிறது. நம் ஊரில் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நிறமே தேவையில்லாத அளவுக்கு மொழியிலேயே சாதி பூசிவைத்திருக்கிறது. 'போயிடும்மா' என்பது யார், 'சார், ஐயா' என்பது யார் என்று எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மாணவத் தோழர் மரியாதை கருதி எல்லாவற்றையும் செந்தமிழாக்கினார். அதிகாரியின் 'நீ', 'நீங்கள்' ஆனது. 'போயிடும்மா', 'செல்லலாம்' ஆனது. ஒருமையில் கூப்பிட்டதற்கு நம்மிடம் இருந்த ஒரே சாட்சியத்தை இலக்கணம் போட்டு அழித்துவிட்டோம். 'எங்க வூட்டு வாசல்ல பொணம் கெடக்குது சார்' என்பதை 'எங்கள் இல்லத்தின் வாயிலில் சடலம் உள்ளது' என்று போட்டால் அது அக்காவின் பேச்சா, தாசில்தார் அறிக்கையா?

அம்பேத்கர் 1955ல் பிபிசி வானொலிக்குக் கொடுத்த பேட்டியின் ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது. காந்தியைப் பற்றிப் பேசியது. நம் ஆட்கள் அதை எடுத்து, பாபாசாகேப் படம் ஒன்றை அசையாமல் வைத்துப் பரப்புகிறோம். பேட்டியில் கேள்வி கேட்கிறவர் குரலும் இருக்கிறது. ஆள் பிரிக்காமல் எழுத்துப் போட்டால், காது கேளாத ஒரு தலித் மாணவிக்கு அந்தக் கேள்விகளும் அந்தப் படத்துக்குக் கீழேதான் வரும். எதிராளி கேட்டதையும் பாபாசாகேப் சொன்னதாக அவள் படிப்பாள்.

திருத்திய பிரதியை முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஓடுவது இருபத்திரண்டு நிமிடம்தான். அக்காவுக்கு மஞ்சள், அதிகாரிக்கு வெள்ளை, ஊர்க்காரர்கள் இருவருக்கும் வெளிர்நீலமும் பச்சையும். அக்கா பேசாத இடத்தில் அவர் பெயரைப் போட்டு '(பேசவில்லை)' என்று மஞ்சளிலேயே குறித்தோம். அச்சகத் தோழரிடம் கொடுத்தோம். முழுதாகப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு துண்டுத் தாள் எழுதினார்: 'பதினாலாவது நிமிஷத்துல "குரல்"னு மட்டும் போட்டிருக்கீங்களே, "இவங்க சொன்னா கேக்கமாட்டாங்க சார், போலீஸக் கூப்பிடுங்க"ன்னு. அது யாரு?'

அந்த ஐந்தாவது ஆள் அந்த அறையில் இருந்ததே அதுவரை எங்களுக்குத் தோன்றவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்க்கிறோம், அக்காவுக்கும் பிடிபடவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.