எழுதுசீலை என்று சொல்வோம்!

அரியலூர் மாவட்டத்துக் கருப்பூரிலும் தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் துணியில் ஓவியம் எழுதும் கைவினைஞர் இன்றும் உள்ளனர். திருக்கோயில்களை அணிசெய்யும் தொம்பை, மேற்கட்டி, தேர்ச்சீலை முதலியன அவர்தம் கைத்திறன். இக்கலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே! ஆனால் எப்பெயரால் கிடைத்தது? ‘கருப்பூர்க் கலம்காரி’ என்னும் பெயரால்!

பாரசீகத்தில் ‘கலம்’ எழுதுகோலையும் ‘காரி’ தொழிலையும் குறிக்கும். தமிழனுக்கோ கலம் என்பது ஏனம், அன்றேல் கப்பல். ஓவியம் தீட்டுவதையும் எழுத்துப் பொறிப்பதையும் ‘எழுதுதல்’ என ஒரே சொல்லால் குறித்த மொழி நம் மொழி. ஆடலரங்கின்மேல் ஓவிய மேற்கட்டி அமைந்த செய்தியைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறுகின்றது. இத்துணியை ‘எழுதுசீலை’ என்றழைக்க நமக்கென்ன தடை?

கலை வாழ்ந்தாற் போதாதா, பெயர் எதுவாயினென்ன என்று வினவுவார் உளர். சொல் போனால் செய்முறையும் பின்னே போகும். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். பால் சேர்வதால் மை பரவாது. இரும்பும் வெல்லமும் ஊறிய நீர் கருமை தரும். படிகாரம் இட்ட இடத்தில் சாயவேர் செம்மையேற்றும். அவுரி நீலமாகும். சாயவேர் இக்கடற்கரை மணலில் வளரும் செடி. அப்பெயரை அறியாத பிள்ளை, காலடியில் அது கிடந்தாலும் களையென்றே மிதிப்பான்.

நம் காரைக்கால் 1739-இல் பிரெஞ்சியர் வயமாயிற்று. 1742-இல் பிரெஞ்சுத் துறவி கேர்தூ, இச்செய்முறையை இந்நாட்டுக் கைவினைஞரிடம் கேட்டறிந்து, படிப்படியாகத் தம் நாட்டுக்கு எழுதியனுப்பினார். 1686 முதல் 1759 வரை இத்தகு துணிகளைத் தடைசெய்திருந்த நாடு அது! தடை நீங்கியதும் அங்கே அச்சுத்துணிப் பட்டறைகள் பெருகின. நம்மவர் வாய்மொழி அவர்தம் மொழியில் ஏறி அவர்க்குச் செல்வமாயிற்று.

ஆத்திரேலியத் தொல்குடியினரைப் பாருங்கள். 1963-இல் யிர்க்கலாவில் வாழ்ந்த யோல்ங்கு மக்கள், தம் நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்தலை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு முறையீடு விடுத்தனர். ஆங்கிலத்தோடு தம் தாய்மொழியிலும் எழுதி, அதனை மரப்பட்டையில் ஒட்டிச் சுற்றிலும் தம் மரபோவியம் தீட்டினர். சுரங்கம் நிற்கவில்லை. எனினும் 1976-இல் வடக்கு ஆட்சிப்பகுதியில் தொல்குடி நிலவுரிமைச் சட்டம் பிறக்க அம்முறையீடு வழிகோலியது. மொழியும் ஓவியமும் மண்ணும் அவர்க்கு ஒன்றே.

நாம் செய்யவேண்டுவன மூன்று. கைவினைஞர் நாவிலுள்ள தொழிற்சொற்களைத் தொகுத்துத் தமிழில் நூலாக்குதல் ஒன்று. பள்ளி ஓவிய வகுப்பில் மூங்கிற் கோலும் கடுக்காய்த் துணியும் கொடுத்துப் பயிற்றுதல் இரண்டு. மாங்கனித் திருவிழாவுக்கும் திருநள்ளாற்றுத் தேருக்கும் அச்சுத்துணியை விடுத்து எழுதுசீலையே வாங்குதல் மூன்று. வாங்குவார் இல்லையேல் எழுதுவார் இரார்.

குறியீடு அரசு தந்தது. பெயரை நாம் தருவோம்; பிழைப்பையும் நாமே தருவோம்!