பாக்கியா ஏன் பணம் தர வேண்டும்?



விஜய் டிவியில் 2020 முதல் ஒளிபரப்பான 'பாக்கியலட்சுமி' தொடரில், விவாகரத்துக்குப் பின் நாயகி பாக்கியாவின் கணவர் கோபி வீட்டை விட்டு வெளியேறும் காட்சி பலரால் கொண்டாடப்பட்டது. பாக்கியாவாக நடித்த சுசித்ராவின் நிமிர்ந்த பார்வையும் தழுதழுக்காத குரலும் எனக்கும் பிடித்தன. ஆனால், வீட்டுக்குத் தான் செலவழித்த பணத்தைக் கோபி கேட்க, பாக்கியா அதைத் தருவதாக ஒப்புக்கொண்டது எனக்கு ஏற்பில்லை.

இத்தனை வருடம் சமைத்து, மூன்று பிள்ளைகளை வளர்த்து, மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டவளின் உழைப்பு எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது? நிஜ வாழ்க்கையில், ஒருவர் சவுதியில் சம்பாதித்து வாங்கிய சொத்து குறித்த வழக்கில், அவர் மனைவியின் வீட்டு உழைப்புக்கும் அதில் பங்குண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இந்தக் காட்சிக்குப் பின்னர்தான் வந்தது என்றாலும், நியாயம் அன்றும் அதுவே.

சுயமரியாதை என்பது உரிமையை விட்டுக்கொடுப்பது அல்ல. குடும்பத் தொடர்களை எழுதுவோர், தங்கள் நாயகிகளைத் தியாகிகளாக்குவதை விட்டு, "இதில் என் பங்கு எங்கே?" என்று கேட்க வைக்க வேண்டும். அவற்றைப் பார்க்கும் லட்சக்கணக்கான இல்லத்தரசிகளுக்கு அந்தக் கேள்வி அவசியம்.

- ஒரு வாசகி, மதுரை