வாங்கிய பேயும் செய்த பேயும்

அக்டோபர் இறுதி வந்துவிட்டால் தமிழ் முகநூலில் ஒரு கண்டனம் தவறாமல் பிறக்கும். ஹாலோவீன் என்பது அமெரிக்க முதலாளித்துவம் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கும் பண்டிகை. அதைக் கொண்டாடுவோர் கடைக்காரர் நீட்டிய முகமூடியை மாட்டிக்கொண்ட வெறும் நுகர்வோர். அவர்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தும் எலும்புக்கூடுகளுக்குப் பின்னால் நம்பிக்கையும் இல்லை, கலையும் இல்லை. வாக்கியங்கள் ஆண்டுதோறும் சற்றே இடம் மாறும், தீர்ப்பு மாறுவதில்லை. இவ்வாண்டு அதை எழுதியவர்களில் நான் மதிக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

என் மறுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இக்கண்டனம் கடையை மட்டும் பார்க்கிறது, பட்டறையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், நுகர்வுக்கு நேரெதிரான ஒரு கைவினை மரபு அங்கே நடந்துகொண்டிருப்பது தெரிந்திருக்கும்.

முதலில், மறுக்க முடியாதவற்றை ஏற்றுக்கொள்வோம். அமெரிக்க தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பின் கணிப்பின்படி 2023இல் அந்நாட்டின் ஹாலோவீன் செலவு 1,220 கோடி டாலர். 1983இல் தொடங்கிய ஸ்பிரிட் ஹாலோவீன், மூடப்பட்ட கடைகளின் வெற்றிடங்களைப் பருவகாலத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துப் பேய்ச்சரக்கு விற்கிறது. ஹோம் டிப்போ 2020இல் 12 அடி எலும்புக்கூடு ஒன்றை 299 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. அது விற்றுத் தீர்ந்ததே ஒரு செய்தியானது. இவையெல்லாம் உண்மை. ஆனால் வண்ணப்பொடிக் கடையின் விற்பனையைக் கணக்கிட்டுவிட்டுக் கோலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான் பேசுவது வேறு ஒரு கூட்டத்தைப் பற்றி. அமெரிக்கப் புறநகர்களிலும் சிற்றூர்களிலும் தம் வீட்டு முற்றத்தையும் கார் கொட்டகையையும் ஓரிரவுக்குப் பேய்க்கூடமாக மாற்றுவோர் இருக்கிறார்கள். தம் படைப்பை ‘ஹோம் ஹாண்ட்’ என்றும் தம்மை ‘ஹாண்டர்’ என்றும் அழைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் கட்டணம் வாங்குவதில்லை. சிலர் அறக்கொடைக்காக உணவுப்பொருளோ நன்கொடையோ பெறுகிறார்கள். மொழியியல் படித்தவனுக்கு அந்தச் சொல்லே சுவையானது. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த அவ்வினைச்சொல்லுக்கு முதலில் பேயோடு எவ்வுறவும் இல்லை. ஓரிடத்துக்கு அடிக்கடி வருதல், ஒன்றை வழக்கமாகச் செய்தல் என்பவையே அதன் பொருள். திரும்பத் திரும்ப வரும் ஆவி என்ற கருத்து பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. ஆண்டுதோறும் அதே முற்றத்துக்குத் திரும்பும் இந்தக் கட்டுநர்களுக்குச் சொல்லின் மூத்த பொருளே கூடுதலாகப் பொருந்துகிறது.

இவர்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டுச் சுவர்களுக்கு வெப்பத்தடையாகப் பதிக்கும் இளஞ்சிவப்பு நுரைப்பலகையை வெட்டிச் செதுக்கிக் கல்லறைக் கற்களாக்குகிறார்கள். ஜிப்சம் பலகைகளின் இணைப்பை மூடும் பூச்சுக்கலவை ஐந்து பங்கு, லேடெக்ஸ் பெயிண்ட் ஒரு பங்கு என்று குழைத்து, அதில் சாக்குத்துணியைத் தோய்த்து, மரச்சட்டத்தின் மேல் போர்த்தி உலரவிடுகிறார்கள். காய்ந்ததும் அது கல்லில் வடித்த அங்கிபோல் விறைத்து நிற்கும். பழைய காரின் வைப்பர் மோட்டாரைக் கழற்றி, கைவிடப்பட்ட கணினியின் மின்வழங்கியோடு இணைக்கிறார்கள். 12 வோல்ட்டில் வேகமாகச் சுழலும் அம்மோட்டார், அதே மின்வழங்கியின் 5 வோல்ட் இணைப்பில் பேய்க்குரிய நிதானத்துக்கு வந்துவிடும். அதன் சுழலும் கையிலிருந்து மூன்று நூல்கள் கப்பிகள் வழியாக இறங்கி, மெல்லிய வெண்துணி போர்த்த ஓர் உருவத்தின் தலையையும் இரு மணிக்கட்டுகளையும் பிடித்திருக்கும். ஒரே சுழற்சியில் தலை எழும், கை தாழும், மறுகை உயரும். புற ஊதா விளக்கொளியில் நூல் தெரியாது. துணி மட்டும் மிதக்கும்.

இக்கூட்டத்தின் அறிவுக்கு வரலாறும் உண்டு. 1862ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் ஓர் ஆவியை மேடையேற்றினார். அவையோருக்கும் மேடைக்கும் நடுவே சாய்த்து நிறுத்திய கண்ணாடி, மறைவில் நின்ற நடிகரின் பிம்பத்தை மேடைமேல் மிதக்கவிட்டது. 1969இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டின் பேய்மாளிகையில் நடனமாடும் ஆவிகள் அதே உத்தியின் வாரிசுகள். இன்று ஓர் ஓய்வுபெற்ற தொழிலாளி தம் சன்னலுக்குப் பின்னால் அக்ரிலிக் தகட்டையும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியையும் வைத்து அதையே நிகழ்த்துகிறார். கைமாறும் அறிவைத்தானே நாம் மரபு என்கிறோம்?

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஒரு பொருளை வாங்கியவருக்கும் செய்தவருக்கும் உள்ள வேறுபாடு அது பழுதாகும்போதுதான் வெளிப்படும். வாங்கியவர் ரசீதைத் தேடுவார். செய்தவர் திருப்புளியைத் தேடுவார். ஆகவே இவர்கள் நுகர்வோரா அல்லரா என்பதை அறிய வேண்டுமானால், அவர்களுடைய வெற்றிகளின் ஒளிப்படங்களைப் பார்க்காதீர்கள். அவர்களுடைய தோல்விகளைப் பாருங்கள்.

தோல்விக்கு அங்கே பஞ்சமில்லை. நுரைப்பலகையின் மேல் நேரடியாக ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் பலகையையே அரித்துத் தின்றுவிடும். மூன்று வார வேலை ஒரு நிமிடத்தில் பள்ளமும் மேடுமாகும். பனிமூட்டத்துக்காக வைக்கும் இயந்திரம் கிளைகாலும் நீரும் கலந்த திரவத்தைச் சூடாக்கிப் புகை கக்கும். சூடான புகை தரையில் தவழாமல் மேலே எழுந்து ஓடிவிடும். எடையற்ற கல்லறைக் கற்களை ஒரு காற்று அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போடும். மழைத்துளி மின்னிணைப்பில் இறங்கினால், சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச், குழந்தைகள் வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து முற்றத்தை இருளாக்கும்.

இவை ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கண்ட மறுமொழி என்ன? கரைப்பான் அரித்த பரப்பு நூறாண்டு மழையில் தேய்ந்த கல்லைப்போல் இருப்பதைக் கண்டு, அந்த அரிப்பையே அளவாகப் பயன்படுத்துகிறார்கள். புகையைப் பனிக்கட்டி நிரப்பிய பெட்டிக்குள் செலுத்திக் குளிரவைத்துத் தரையோடு ஊரவிடுகிறார்கள். கல்லுக்குள் குழாயைச் செருகி, நிலத்தில் அறைந்த இரும்புக் கம்பியின் மேல் இறக்குகிறார்கள். மோட்டார் நின்றாலும் காட்சி நிற்கும்படி, ஒளியும் நிழலும் மட்டுமே பார்வையாளரை அச்சுறுத்தும் வகையில் முதலில் அமைத்துவிட்டு, அசைவை அதன்மேல் சேர்க்கிறார்கள். எது எப்படிக் கெட்டது என்பதை ஒருவருக்கொருவர் மறைக்காமல் எழுதிவைக்கிறார்கள். தோற்ற சோதனைகளை வெளியிடத் தயங்கும் நம் ஆய்வுலகம் இந்த ஒழுக்கத்தைக் கண்டு சற்று வெட்கப்படலாம்.

இதைக் கேட்டவுடன் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் ஓடிவருவார்கள்: ‘தோல்வியே வெற்றியின் முதற்படி’. அவர்களையும் மறுக்க வேண்டியிருக்கிறது. இங்கே தோல்வி எதற்கும் படியன்று. அக்டோபர் 31 மாலை மூன்று மணி நேரம். அதற்குள் ஓடாதது ஓடாததுதான். அடுத்த வாய்ப்பு ஓராண்டு கழித்து. இயற்கை குறுக்கே வந்தால் அதுவும் இல்லை. 1991இல் மினியாபோலிஸ், செயின்ட் பால் நகரங்களில் சரியாக அக்டோபர் 31 அன்று தொடங்கிய பனிப்புயல் நவம்பர் 3 வரை 28.4 அங்குலப் பனியைக் கொட்டியது. 2012இல் சாண்டி புயல் அக்டோபர் 29 அன்று கரையேற, நியூ ஜெர்சி ஆளுநர் ஹாலோவீனையே நவம்பர் 5க்கு ஒத்திவைத்து ஆணையிட்டார். ஓராண்டு உழைப்பு பனிக்கடியிலோ வெள்ளத்திலோ கிடக்கும்போது அதிலிருந்து ‘பாடம்’ பிழிவது அநாகரிகம். அவர்கள் செய்தது அதைவிட எளியது: மிஞ்சியதை உலர்த்திப் பரணில் ஏற்றினார்கள். 2020இல் பெருந்தொற்று வாசலை மூடியபோது, ஆறடி நீளப் பிவிசி குழாயை மாடிப்படிக் கைப்பிடியில் சாய்த்துக் கட்டி, மேலிருந்து மிட்டாயை உருட்டிவிட்டார்கள். கீழே பையை விரித்து நின்ற குழந்தைக்கு அதுவே ஒரு காட்சியாயிற்று.

இந்த உழைப்பின் விலையை அறிய விரும்புவோர் மைக்கேல் ஸ்டீஃபன்சன் இயக்கிய ‘தி அமெரிக்கன் ஸ்க்ரீம்’ என்ற 2012ஆம் ஆண்டு ஆவணப்படத்தைப் பார்க்கலாம். மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவன் என்ற ஒரே ஊரில் மூன்று வீடுகள். பணமும் உறக்கமும் குடும்பத்தாரின் பொறுமையும் ஓரிரவுக்காக எப்படிக் கரைகின்றன என்பதை அது ஒளிக்காமல் காட்டுகிறது. கடைச்சரக்கின் அடிமைகள் என்று அவர்களை எவரேனும் அழைக்க முடியுமானால், அந்தச் சொல்லுக்கு இனி பொருளே இல்லை.

‘ஆயினும் இது சிதைந்த மரபு, உண்மையானது ஐரிஷ் மக்களின் சௌவின் திருநாள்’ என்ற தூய்மைவாதம் அடுத்து வரும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் குடைந்தது டர்னிப் கிழங்கை. அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தபின் கைக்கு எளிதாக வந்தது பூசணி. கிழங்கு பூசணியானபோது சாகாத மரபு, பூசணிக்குப் பக்கத்தில் வைப்பர் மோட்டார் வந்தவுடன் செத்துவிட்டதா? ஜாக் சான்டினோ போன்ற அமெரிக்க நாட்டாரியலாளர்கள் 1980களிலேயே வீட்டு முற்ற அலங்காரங்களை ஆய்வுப்பொருளாக ஏற்றுவிட்டார்கள். சடங்கென்றால் ஆய்வு, பொழுதுபோக்கென்றால் ஏளனம் என்ற பாகுபாட்டை நாம்தான் இன்னும் சுமந்து திரிகிறோம். இதற்கு மாற்றாக, நம் ஊர்ச் சடங்கு ஒன்றை அருகில் நிறுத்தி ‘இரண்டும் ஒன்றே’ என்று முடித்துவைக்கவும் நான் முன்வரவில்லை. அதுவும் பார்க்காமல் தீர்ப்பளிப்பதன் இன்னொரு வடிவமே.

இம்மரபு விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதா? இல்லவே இல்லை. உங்கள் கண்டனத்தில் இருந்திருக்க வேண்டியவை இவை. முற்றமும் கொட்டகையும் உள்ளவர்க்கே இக்கலை முழுமையாக வாய்க்கிறது. வாடகைக் குடியிருப்பில் வாழ்வோர்க்கு இடமில்லை, இருப்போர்க்கும் வீட்டு உரிமையாளர் சங்கங்களின் தடை உண்டு. கறுப்பின மக்களைக் கும்பல்கள் மரத்தில் தூக்கிலிட்ட வரலாறுடைய நாட்டில், மரத்தில் தொங்கவிடும் பொம்மை வெறும் பொம்மையாக இருக்க முடியாது. அதைத் தொங்கவிட்டோர் கண்டிக்கப்பட்டிருக்கிறார்கள், கண்டிக்கப்படவும் வேண்டும். மனநலக் காப்பகத்தை அச்சக் கூடமாக்கும் வழக்கமும் அவ்வாறே. கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா 2016இல் அத்தகைய ஒரு காட்சியை மனநல ஆர்வலர்களின் எதிர்ப்புக்குப் பின் மூட நேர்ந்தது. உயிர் குடித்த கவனக்குறைவும் உண்டு. 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியின் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் இருந்த பேய்க்கோட்டை தீப்பற்றி 8 பதின்வயதினர் இறந்தார்கள். அது வணிகக் கூடம்தான். ஆயினும் துணியும் நுரையும் கொண்டு இருண்ட வழிகளை அமைக்கும் எவரும் வெளியேறும் வழியையும் தீத்தடுப்பையும் முதல் வேலையாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு அந்த எட்டு இறப்புகள் போதும்.

இவ்விமர்சனங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு: அவற்றைச் சொல்ல, காட்சியின் அருகே சென்று அது எதனால் ஆனது, யாரால் ஆனது, யாரை அஞ்சவைக்கிறது என்று பார்த்தாக வேண்டும். நம் வருடாந்தரக் கண்டனத்துக்கு அவ்வுழைப்புத் தேவைப்படுவதில்லை. கடையிலிருந்து எடுத்து மாட்டும் முகமூடிபோல அதுவும் ஆயத்தமாகவே கிடைக்கிறது.

எனவே அடுத்த அக்டோபரில் எழுதுமுன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் செய்த பேய்க்காட்சி ஒன்றின் செய்முறைப் பதிவைத் தேடி, அது கெட்டுப்போன பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். எந்த நூல் அறுந்தது, எதனால் அறுந்தது, அதற்கு மாற்றாக என்ன கட்டினார் என்பதைப் படியுங்கள். அதன் பிறகும் அவரை நுகர்வோர் என்றே அழைக்கத் தோன்றினால் எழுதுங்கள், விவாதிப்போம்.