பூ வேண்டுமா? இலையை விட்டு வையுங்கள்!

முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, லாஸ்பேட்டை... புதுச்சேரியில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் குண்டுமல்லித் தொட்டி தெரியும். பங்குனி பிறந்ததும் அதில் மொட்டு வைக்கத் தொடங்கும். கூடவே பக்கத்து மாடியிலிருந்து ஒரு யோசனையும் வரும்: "இலையை எல்லாம் உருவி விட்டுடுங்கக்கா, அப்புறம் பாருங்க, பூ கொட்டும்!"

அக்காவும் உருவி விடுவார். செடி வெறும் குச்சியாக நிற்கும். சில வாரங்கள் கழித்து சில செடிகள் உண்மையாகவே பூத்துக் குலுங்கும். சில செடிகள் பட்டுப்போகும். பூத்த வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்வார். பட்டுப்போன வீட்டுக்காரர் "நம்ம கைராசி அவ்வளவுதான்" என்று பேசாமல் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஒரு யோசனை ஊரில் நிலைத்துவிடுவது இப்படித்தான்.

சரி, பூக்கும் நேரத்தில் மல்லிகை இலையை உருவலாமா, கூடாதா?

முதலில் உருவச் சொல்பவர்கள் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்த்துவிடுவோம். மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். முற்றிய பழைய கிளை சும்மா நிற்கும். நுனியைக் கிள்ளி, இலையை எடுத்துவிட்டால் இலைக்கணுக்களில் உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் விழித்துப் பக்கத்துளிர்கள் கிளம்பும். துளிர் கூடினால் பூவும் கூடும். இதில் தப்பே இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டிக் கவாத்து செய்யச் சொல்கிறது. முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. உயரம்.

ஆனால் மாதத்தைக் கவனியுங்கள்... நவம்பர்! செடி பூத்து ஓய்ந்து, வெயில் தணிந்து, தண்டிலும் வேரிலும் சாப்பாட்டைச் சேர்த்து வைத்திருக்கும் காலம் அது. வெட்டியதும் தொழு உரமும் வைப்பார்கள். கோடைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும். அதற்குள் செடி துளிர்த்து, இலை முற்றி, பூக்கத் தயாராகிவிடும். இதைச் சித்திரையில், மொட்டோடு நிற்கும் செடிக்குச் செய்தால் அதற்குப் பெயர் கவாத்து இல்லை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாயைப் பட்டினி போடுவது!

இலைதான் செடிக்கு அடுப்படி. வெயிலை வாங்கிச் சர்க்கரை செய்வது அங்கேதான். மொட்டு தானாக எதையும் சமைத்துக்கொள்ளாது, பக்கத்து இலை அனுப்புவதைத்தான் சாப்பிடும். இலையை உருவினால் புது இலை வந்துவிடுமே என்று கேட்கலாம். வரும். ஆனால் இளம் இலை தன் முழு அளவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வளரும்வரை அதுவும் மற்றவர் சமையலைத்தான் தின்னும். சமைக்க ஆள் இல்லாத வீட்டில் மொட்டும் துளிரும் இருக்கிற கையிருப்புக்குப் போட்டி போடும். மொட்டு உதிரும், அல்லது சிறுத்துப்போய் மலராமலே வாடும்.

அடுத்தது வெயில். மே மாதக் கத்திரி வெயிலில் புதுச்சேரி மொட்டை மாடித் தளம் காலை வைக்க முடியாமல் கொதிக்கும். தொட்டி மண்ணுக்கும் தண்டுக்கும் இலைதான் குடை. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. வேரிலிருந்து தண்ணீரை மேலே இழுப்பதும் இலைதான். இலை இல்லாத செடி மிகக் குறைவாகத்தான் குடிக்கும். அது தெரியாமல் வழக்கம்போல் தினமும் ஒரு குடம் ஊற்றினால் வேர் அழுகும். உருவிய செடிகள் பட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். பாவம், கைராசியின் மேல் பழி!

இந்த யோசனை நம் ஊரில் மட்டும் இல்லை. கஞ்சா செடி வளர்க்கச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளிலும் (கனடா 2018-இல் அனுமதித்தது, இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்) பூக்கும் பருவத்தில் இலைகளை மொத்தமாக உருவுவதா, வேண்டாமா என்று வளர்ப்பவர்கள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். அங்கே செடி பெரும்பாலும் மூடிய அறையில், தலைக்கு மேல் தொங்கும் விளக்கின் கீழ் நெருக்கமாக நிற்கும். கீழ் இலைக்கு வெளிச்சம் கிடைக்காது, உள்ளே காற்று புகாது, பூவில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் கொஞ்சம் இலை எடுப்பதில் அர்த்தம் உண்டு. அப்படியும் மொத்தமாக உருவுவதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

பிரான்சில் திராட்சைக் குலையைச் சுற்றியுள்ள இலையைக் கிள்ளுவார்கள். அங்கும் காலை வெயில் படும் பக்கம் மட்டும் எடுத்து, மாலை வெயில் பக்கத்தை விட்டுவைப்பதுண்டு. வெயில் கடுமையான ஆண்டில் எடுத்தவர்களுக்குப் பழம் வெந்துபோவதும் உண்டு. போர்தோ ஏறக்குறைய 45 டிகிரி வடக்கில் இருக்கிறது. புதுச்சேரி 12 டிகிரியில். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தெருக்களை விட்டுப் போனார்கள், தங்கள் வெயிலை விட்டுப் போகவில்லை! எந்த ஊர் யோசனையானாலும் நம் மாடியில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் கோடையில் இலையைத் தொடவே கூடாதா? தொடலாம், உருவக் கூடாது. மஞ்சளாகிப் பழுத்தது, மண்ணைத் தொட்டுக் கிடப்பது, சிவப்புச் சிலந்திப் பேன் மொய்த்துச் சுருண்டது, நடுவில் காற்றை அடைத்துக்கொண்டிருப்பது ஆகியவற்றை எடுக்கலாம். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் பூத்த நுனியை இரண்டு ஜோடி இலையோடு கத்தரித்துவிடலாம். அதிலிருந்தே அடுத்த துளிர் வரும். மற்ற இலைகள் சமைத்துக்கொண்டே இருக்கும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. அதற்கு மருந்து கத்தரிக்கோல் அல்ல.

மொத்தமாக வெட்டத்தான் வேண்டுமென்றால் மழை ஓயும்வரை பொறுத்திருந்து, மார்கழிக்குள் வெட்டி, எருவிட்டு, துளிர் வரும்வரை தண்ணீரைக் குறைத்து ஊற்றினால் போதும். பங்குனியில் பலன் தெரியும்.

இதெல்லாம் ஒரு தொட்டிச் செடிக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். மார்கழி, தை மாதங்களில் மல்லி கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். பெரிய மார்க்கெட் பக்கம் போய்விட்டு, ஒரு முழம் வாங்க யோசித்துத் திரும்பும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குச் செலவில்லாமல் தலை நிறையப் பூ கிடைப்பது கோடையின் அந்தச் சில மாதங்களில்தான். மாலையில் தண்ணீர் ஊற்றி, மொட்டுப் பறித்து, எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு முழம் கொடுத்தனுப்பும் சந்தோஷம் ஒரு தொட்டியில்தான் இருக்கிறது. ஐந்து நிமிட அவசரத்தில் அதை உருவிப் போட்டுவிட்டால் அந்த வருஷத்துக் கோடை போனதுதான்.

பூவை விரும்புகிறவர்கள் இலையையும் கொஞ்சம் விரும்பலாமே!