இலக்கணம் பின்வருவது

வட்டவளை முதலிய மலையகத் தோட்டங்களில் மாசித் திங்களில் காமன் கூத்து ஆடப்படுகின்றது. தப்பொலிக்கு இசையவே ரதியும் மன்மதனும் அடிபெயர்க்கின்றனர். இதனை, "வெறுங்கொட்டு, இலக்கணமற்றது, ஆதலின் இசையன்று" என இகழும் கற்றோர் உளர். இசை வரலாறு அறியாதார் கூற்று இது.

1600ஆம் ஆண்டில் இத்தாலிய இசையிலக்கண ஆசிரியர் ஆர்த்தூசி, மொன்தவேர்தியின் பாடல்களில் முரண்சுரங்கள் விதிமீறி ஒலிப்பதாகக் கண்டித்தார். 1605இல் மொன்தவேர்தி, தாம் பின்பற்றுவது வேறொரு வழக்கு என விடையிறுத்தார். காலம் மொன்தவேர்தியின் பக்கமே நின்றது. அக்காலத்து இசைவாணர் கீழ்ச்சுரத்தின்மேல் எழுதப்பட்ட எண்களைக் கண்டு, ஒத்திசைக்கும் சுரங்களைத் தாமே சேர்த்து வாசித்தனர். அச்சுரக்கூட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மூலச்சுரத்தினின்று பிறப்பன என்னும் கோட்பாட்டைப் பிரான்சு நாட்டு ராமோ நூலாக்கியது 1722இல். வழக்கு நடந்து நூறாண்டு கழிந்த பின்னரே விதி வந்தது.

தஞ்சையில் வேங்கடமகி அதே பதினேழாம் நூற்றாண்டில் 72 மேளங்களை வகுத்தாரே, அங்கு இலக்கணமன்றோ முந்தியது எனச் சிலர் வினவலாம். அவற்றுள் தம் காலத்தில் வழங்கியவை 19 மட்டுமே என்பதை அவரே கூறியுள்ளார். அப்பத்தொன்பதில் பெரும்பாலானவை பாடுவோர் தந்தவை. எஞ்சியவை வெற்றுக் கட்டங்களாய் நின்று, பின்வந்தோர் பாடிய பின்னரே உயிர்பெற்றன. கணக்கு இடம் வகுக்கும். இசையைப் படைப்பது மிடறும் கையுமே.

தப்புக்கு இலக்கணம் இல்லை என்பதும் பொய். திருமணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கூத்துக்கு வேறோர் அடி. தொலைவில் நிற்கும் தொழிலாளியும் ஒலிகேட்டே நிகழ்வை அறிகின்றான். பிழைபட்டால் கேட்போர் உடனே உணர்வர். பிழையென ஒன்று உண்டெனில் விதியும் உண்டன்றோ? அது ஏட்டில் ஏறாதது கொட்டுவோன் குற்றமன்று. எழுதத் தெரிந்தும் எழுதாதோர் குற்றம்.

உண்மையில் இகழப்படுவது கருவியன்று. அதனை ஏந்தும் கையின் சாதியே. இலக்கணம் என்பது அவ்விகழ்ச்சிக்கு இட்ட போர்வை. அவ்விழிவுக்கு அஞ்சி இளைஞர் தப்பைக் கைவிடுவராயின், நாளை எழுத முற்படுவோர்க்கு இசையே எஞ்சாது.

வழக்கொழிந்த யாழைப் பழந்தமிழ் நூல்களில் தேடி, 1947இல் யாழ்நூலாக வெளியிட்டார் விபுலாநந்த அடிகள். அவர் தமிழ்ப் பேராசிரியராய் இருந்த பல்கலைக்கழக மரபில் வந்தோர், வழக்கொழியாத தப்பின் ஒலிகேட்டு வாளாவிருத்தல் தகுமா? யாழுக்கு ஏடுகளே சான்று. தப்புக்கோ வாழும் ஆசிரியர் உளர். அவர்களிடம் மாணவராய்ச் சென்று கற்பதே கற்றோர் கடன்.